வாட்ச்காரரின் மோட்டாரும் ஞாயிற்றுக்கிழமைப் போர்வைகளும்

“இனி எந்த மெக்கானிக்கும் என் மோட்டாரைத் தொடக் கூடாது. நானே பார்த்துக்கிறேன்” என்று வாட்ச்காரர் சபதம் போட்டார். கேட்க இருந்தது அவர் மனைவி ஒருத்திதான். ஆஸ்பத்திரி நர்ஸ். வார்டில் இதைவிடப் பெரிய சபதங்களையெல்லாம் கேட்டுப் பழகியவள். சாப்பாட்டு மேஜையில் மட்டும் வைத்துப் பிரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள். அவர் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் பிரித்தார்.

பின்னே என்ன? நின்றுபோன கடிகாரம் எதுவானாலும் ஓட வைக்கிற கை அது. அந்தக் கை ஒரு கிழட்டுப் படகு மோட்டாரிடம் தோற்பதா?

வீட்டுக்குப் பின்னாலேயே ஏரி. ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு நடு ஏரிக்குப் போய், யார் குரலும் எட்டாத இடத்தில் சும்மா உட்கார வேண்டும். பாவம், மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. மோட்டாரும் ஒரே இழுப்பில் கிளம்பும். கொஞ்ச தூரம் ராஜா மாதிரி போகும். வீட்டுப் பின்சுவர் இன்னும் கண்ணில் படுகிற இடத்தில் இருமி, விக்கி, நின்றுவிடும். வேர்க்க விறுவிறுக்கத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தால், துவைத்த போர்வைகளோடு மனைவி நிற்பாள். போர்வை பிழிய ரெண்டு பேர் வேண்டுமே.

“வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. இந்த முனையப் பிடிங்க” என்பாள். அதோடு அவர் ஞாயிறு முடிந்தது.

அவரும் சளைக்கவில்லை. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினார். ஃபில்டரை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி, கடிகாரத்துக்கு வைத்திருந்த பிரஷ்ஷாலேயே ஓட்டை ஓட்டையாகத் துடைத்தார். டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவே குழாயில் பெட்ரோலை அமுக்கித் தள்ளுகிற ரப்பர் உருண்டை ஒன்று உண்டு. மோட்டார் நிற்கும்போதெல்லாம் அது சப்பிப்போய்க் கிடந்ததால், அதன் மேல் பழி போட்டு அதையும் மாற்றினார். மோட்டார் மறுபடியும் பின்சுவர் தெரிகிற இடத்திலேயே நின்றது. போர்வைகள் காத்திருந்தன.

ஒரு சாயங்காலம் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தார். டேங்க் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. அவருக்குப் பொறி தட்டியது. மூடியின் தலையில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அது இறுக மூடிக் கிடந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? தூக்கி வைக்கும்போது நாமே மூடித் தொலைத்திருப்போம் என்று தலையில் அடித்துக்கொண்டார். வெளியே மூச்சு விடவில்லை. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் ஒரு திருகு என்று தெரிந்தால், வீட்டில் மானம் மிஞ்சுமா?

அந்த வாரமே மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள். அக்கரையில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்கு ஞாயிறன்று படகிலேயே போகலாமாம். அங்கே சகலை இருக்கிறார். மூட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர். அந்தக் கதையை மயக்க ஊசியில் ஆரம்பித்தால் பொழுது சாய்ந்தாலும் தையல் பிரிக்க மாட்டார். அந்த வாயை மூட எந்தத் திருகும் கிடையாது.

ஆனால் டேங்குக்கு இருக்கிறதே! கிளம்புமுன் யாரும் பார்க்காமல் திருகை இறுக்க மூடினார். வழக்கமான இடத்தில் மோட்டார் நிற்கும், துடுப்புப் போட்டுத் திரும்பிவிடலாம். சகலையைவிடப் போர்வை எவ்வளவோ மேல்.

மோட்டார் சொன்ன சொல் தவறவில்லை. பின்சுவர் தெரிகிற இடத்தில் விக்கி நின்றது. அவர் கயிற்றை இழுத்தார். வேர்த்தார். மறுபடி இழுத்தார். கார்புரேட்டர் போய்விட்டது, அக்காவுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கித் துடுப்பை எடுத்தார்.

மனைவி பையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். குனிந்து, ரெண்டு விரலால் திருகைத் திறந்தாள். டேங்க் உஸ்ஸென்றது. ரப்பர் உருண்டையைக் கெட்டியாகும்வரை அமுக்கினாள்.

“இப்ப இழுங்க.”

ஒரே இழுப்பில் கிளம்பியது. தூரத்தில் அக்கரையில் சகலை ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினார்.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் வாட்ச்காரர்.

“டிரிப் பாட்டில்ல காத்து ஊசி குத்தலேன்னா மருந்து இறங்குமா? தினமும் இதானே என் வேலை.”

“அப்ப முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? எத்தனை ஞாயிறு வீணாப் போச்சு!”

அவள் பையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நல்லாயிருக்கே. மூடினவளே வந்து சொல்லுவாளா? அப்புறம் போர்வைக்கு மறுமுனைய யாரு பிடிக்கிறது?”