நாலு லாரி எண்ணெய்ப் பனை

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கு லட்சம் வரைகூடத் தப்பில்லாமல் எண்ணத் தெரியும். எதை எண்ணுகிறோம் என்பதுதான் தெரியாது. பத்தாவது வரை படித்த எனக்கு அது விளங்க ஒரு தோட்டமே அழிய வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். ஓர் எண்ணெய் ஆலையில் கள உதவியாளர் வேலை. விவசாயிகளின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்குப் போய், பத்து மரத்துக்கு ஒரு மரம் என்று, மட்டை இடுக்கில் இருக்கும் இளங்குலைகளை எண்ணி ஒரு சின்னக் கணினியில் பதிய வேண்டும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். விரலால் தொடக்கூடாது, அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் குச்சி. எண்ணைப் போட்டால், வரப்போகும் மாதங்களில் எத்தனை டன் வெட்டலாம் என்று அதுவே சொல்லிவிடும். (பயிற்சி ஒரே நாள். குலை எது, பூ எது என்று அவர்கள் காட்டிய நேரத்தில் நான் குச்சியைத் தொலைத்துவிட்டு மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தேன்.)

கடப்பாக்கத்துக்கு மேற்கே ஒரு தோட்டம். அங்கேதான் என் அக்கா எஸ்தர், அதாவது உங்கள் அத்தை, இன்னும் பதினோரு பெண்களோடு கூலி வேலை செய்துவந்தாள். உங்கள் தாத்தாவும் அதே முதலாளி நிலத்தில் நாற்றுப் பிடுங்கியவர்தான். அவரை ‘டேய்’ என்று கூப்பிட்ட அதே வாய் என்னை ‘வாங்க சார்’ என்றது. நாற்காலி போட்டார்கள். நான் உட்கார்ந்தேன். என் மூளையும் கூடவே உட்கார்ந்துவிட்டது.

“சார், சுத்துப்பட்டுல எல்லாரும் பிளாட்டு போட்டு வித்துட்டானுங்கோ. நான் மட்டும் இந்த மரத்தைக் கட்டிகினு அழுவுறேன்” என்றார் முதலாளி. “உங்க மிசினு நல்லதா சொன்னா வச்சிக்கிறேன். இல்லாங்காட்டி அடுத்த மாசம் ஜேசிபிதான்.”

பன்னிரண்டு பேர் கஞ்சி என் குச்சி முனையில் தொங்கியது. ஒரு குலையும் விட்டுப்போகக்கூடாது என்று கழுத்து வலிக்க அண்ணாந்து எண்ணினேன்.

அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மழை பொய்த்திருந்தது. தண்ணீருக்கு வாடிய எண்ணெய்ப் பனை ஆண் பூவாகவே தள்ளும். அது குலையாகாது, கருகி உதிரும். எனக்கு அதெல்லாம் தெரியாது. மட்டை இடுக்கில் எது துருத்திக்கொண்டு தெரிந்தாலும் அது குலை.

களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“டேய் தம்பி, இன்னாத்த எண்ணிகினு கீற? அது ஆம்பளப் பூவுடா. காய் ஆவாது. கிட்ட போய் மோந்து பாரு, சோம்பு வாசன அடிக்கும்.”

முதலாளி பக்கத்திலேயே நின்றார். ‘டேய்’ என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்திருக்குமே என்பதுதான் என் கவலை.

“மிஷின் எல்லாம் பாத்துக்கும். நீங்க போய் வேலையைப் பாருங்கம்மா” என்றேன். (சொந்த அக்காவை.)

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “சரிங்க சார்” என்று குனிந்துகொண்டாள்.

கணினி காட்டிய டன்னைப் பார்த்ததும் முதலாளி எனக்கு இரண்டு இளநீர் வெட்டச் சொன்னார். ஜேசிபி பேச்சு நின்றது. பன்னிரண்டு குடும்பத்தைக் காப்பாற்றிய மிதப்பில் நான் மொபெட்டை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பெரிய வெட்டு. என் கணக்கை நம்பி ஆலை நாலு லாரி அனுப்பியது. முதலாளி லாரிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்துத் தோட்டக்காரர்களையும் வரச்சொல்லியிருந்தார். பதினொரு மணிக்கு முதல் லாரி நிரம்பியது. அதற்குமேல் வெட்ட மரத்தில் ஒன்றும் இல்லை.

“இன்னா அண்ணாத்த, மிச்ச மூணு வண்டில காத்தயா ஏத்திகினு போறது?” என்றார் ஒரு டிரைவர்.

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. என் அருகே வந்து மெதுவாகத்தான் சொன்னார்: “டேய், உங்கப்பன் கைநாட்டு. அவன்கூட களத்தை ஒரு சுத்து சுத்திட்டு இத்தினி மூட்டைன்னு கரீட்டா சொல்லுவான்டா.”

மறுநாள் ஆலை அதிகாரி வந்து கெஞ்சினார். இந்த வருஷம் நல்ல மழை, அடுத்த வருஷம் பெண் பூவாகத் தள்ளும், பொறுங்கள் என்றார். முதலிலேயே உள்ளதைச் சொல்லி, ஒரு வருஷம் பொறுங்கள் என்று நானே கேட்டிருந்தால் முதலாளி ஒருவேளை பொறுத்திருப்பார். “உங்காளு பேச்ச நம்பித்தான் இப்டி நிக்கிறேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த மாதமே ஜேசிபி வந்தது. பன்னிரண்டு பெண்களும் ரோட்டோரம் நின்று பார்த்தார்கள். சாய்ந்து கிடந்த மரங்களின் இடுக்கில் பிஞ்சாகப் பெண் பூ இருந்ததாம். அக்கா உரித்துப் பார்த்திருக்கிறாள்.

என் வேலையும் போயிற்று. (அதற்கு யாரும் அழவில்லை.) அக்கா பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டுக் கழுவப் போனாள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.

நான் எந்த எண்ணைச் சொன்னாலும் வீட்டில் நாலால் வகுக்கிறீர்களே, அந்தக் கணக்கை ஆரம்பித்து வைத்ததும் அவள்தான். பெரியவளே, உன் காதுகுத்துக்கு நானூறு பேர் வருவார்கள் என்று நான் சொன்னேன். “நாலு லாரிக்காரன் சொல்றான், நாலால வகு” என்று நூறு இலை வாங்கச் சொன்னாள். வந்தவர்கள் தொண்ணூற்றெட்டுப் பேர். அன்றிலிருந்து, பஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்று நான் சொன்னால், ஐந்தாவது நிமிஷம் நீங்கள் செருப்போடு வாசலில் நிற்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை.

ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. அத்தை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

“இன்னாடா சொன்னாரு?” என்றாள்.

“ஒண்ணும் பயமில்லைக்கா. இன்னும் ரெண்டு வருசம் நீ தாராளமா இருப்பேன்னாரு.”

அவள் கண்ணை மூடியபடியே விரலை மடக்கினாள்.

“நாலால வகுத்தா ஆறு மாசம். சரி, அழாத. போய் டீ வாங்கினு வா.”

டாக்டர் சொன்னதும் ஆறு மாசம்தான்.