வண்டி முன்னாடி ஆடுது

அதிராம்பட்டினம்
14.3.1998

துபாயில் இருக்கும் மருமகன் ஜாஃபர் சாதிக் அவர்களுக்கு மாமா அப்துல் ஜலீல் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் இங்கே உங்கள் மனைவி தஹ்மீனா, மாமி, நான், நான்கு ஆடுகள், எல்லோரும் சுகம். தங்கள் சுகத்துக்குத் தொழுகை தவறாமல் துஆ செய்கிறோம்.

பத்து நாளைக்கு முன் நீங்கள் போன் செய்தபோது லைன் ஒரே கரகரப்பு. "வண்டி முன்னாடி ரொம்ப ஆடுது" என்று கத்தினேன். நீங்கள் ஒரு நொடிகூட யோசிக்காமல், "அப்ப வித்துடுங்க மாமா, எதுக்கு வச்சுக்கிட்டு அவஸ்தைப்படுறீங்க" என்று சொல்லிவிட்டீர்கள். மாப்பிள்ளை சொல்லைத் தட்டலாமா? புரோக்கர் மூஸாவுக்கு ஆள் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருவதாகச் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து தஹ்மீனா சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் காரில்தானே ஓட்டப் பழகினாள், அதில்தானே தினமும் பட்டுக்கோட்டைக்குப் பாடம் நடத்தப் போகிறாள். பஸ்ஸில் போகச் சொன்னால் மாமி சம்மதிக்கமாட்டாள். "வண்டி போனா என் வேலையும் போயிடும் வாப்பா" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் ஆட்டம் நின்றால் விற்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டு, பாடியே நெளிகிறது என்று கைவிரித்துவிட்டார்கள். கடைசியில் வந்தவர்தான் திருத்துறைப்பூண்டி நெடுமாறன். வயலில் சேறடிக்கும் டிராக்டருக்குக் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் செய்யும் வெல்டர். அதுவரை காரைத் தொட்டதே இல்லை. பானட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் ஷாக் அப்சர்பர் வந்து முட்டும் தோள் மாதிரியான மேட்டில் கையை வைத்துக்கொண்டு, என்னை பம்பர் மேல் ஏறிக் குதிக்கச் சொன்னார். அறுபத்திரண்டு வயதில், கைலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்கக் குதித்தேன் மாப்பிள்ளை. அவர் கண்ணை மூடிக்கொண்டு அசைவைக் கையாலேயே கவனித்தார்.

"ரெண்டு தோளும் தனித்தனியா அசையுது பாய். கேஜ் வீலுக்குக் குறுக்குக் கம்பி இல்லைன்னா இப்படித்தான் நெளியும். தோள் ரெண்டையும் ஒரு பைப்பால கோத்துட்டா அடங்கிடும்" என்றார்.

அந்த மனுஷனின் மூளையை என்னவென்று சொல்வது! அளவெடுக்கக் கெட்டி அட்டை கேட்டார். வீட்டில் கெட்டி அட்டை என்றால் உங்கள் கல்யாணப் பத்திரிகைதான். அதைப் போல்ட் மேல் வைத்து அழுத்தி ஓட்டை போட்டார். உங்கள் பெயரில் ஒரு ஓட்டை விழுந்தது, பொறுத்துக்கொள்ளவும். சற்று அசந்த நேரத்தில் அந்தப் பத்திரிகையை ஆடு தின்றுவிட்டதால் இரண்டாவது பத்திரிகையும் போயிற்று. முதலில் செய்த பைப் உயரமாகிப் பானட் மூடவில்லை. நெடுமாறன் முகம் சுளிக்கவில்லை. அறுத்துப் போட்டுவிட்டு, அரை விரற்கடை தாழ்த்தி மறுபடி வெல்டிங் வைத்தார். பச்சை பெயின்ட் அடித்து மாட்டிய பிறகு அதைப் பார்க்க வேண்டுமே, கார் பிறக்கும்போதே கூடப் பிறந்தது மாதிரி இருக்கிறது!

வியாழன் சாயங்காலம் மல்லிப்பட்டினம் ரோட்டில் தஹ்மீனா ஓட்டினாள். நான் பக்கத்தில் நன்னாரி சர்பத் டம்ளரோடு உட்கார்ந்தேன். முன்பெல்லாம் பாதி என் சட்டைக்குத்தான். அன்று ஒரு சொட்டு சிந்தவில்லை. மகள் சிரித்தாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேற்று வந்த மூஸா வாங்க வந்ததையே மறந்து, தன் வேனுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நெடுமாறனைத் தேடிப் போய்விட்டார்.

உங்கள் சொல்லை மீறியதற்கு என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படுங்கள். வண்டியை மட்டும் மகளிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நல்லபடியாக வந்து சேர அல்லாஹ் துணை நிற்பானாக.

இப்படிக்கு,
அப்துல் ஜலீல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். "வண்டி முன்னாடி ரொம்ப ஆடுன்னு போன்ல சொன்னீங்களே மாமா, ஆடுங்களை வித்தாச்சா? பெயின்டைக் கீறிடப் போவுது. வண்டியைத் தஹ்மீனா எவ்வளவு வேணும்னாலும் ஓட்டட்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே மேலே எழுதியது அனைத்தையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். ஆடுகள் நான்கும் வண்டி முன்னாடிதான் நிற்கின்றன. ஒன்று பானட் மேலேயே ஏறி நிற்கிறது. வண்டி ஆடவில்லை.