ஒரு சொட்டுக் கத்திரிக்கோல்

"பெட்டியைத் திறந்துடாதீங்க" என்று மனைவி போனில் சொன்னபோது, தையல்காரர் அதைத் திறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

மனைவி வைரஸ் ஆய்வகத்தில் விஞ்ஞானி. நேற்றிலிருந்து வெளியூரில் கூட்டம். ஆய்வக வாசலில் ஆள் இல்லையென்று கூரியர்காரர் பெட்டியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூடியைத் தூக்கியதும் வெள்ளைப் புகை மேசை விளிம்பில் வழிந்து, தைத்து வைத்திருந்த சட்டைகளின் மேல் தவழ்ந்தது. உள்ளே இருந்த ஐஸ் உருகவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் அப்படியே மறைந்துகொண்டிருந்தது. தையல்காரர் ஊசி கோக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல கொரோனான்னு போட்டிருக்கே?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"வைரஸ் இல்லீங்க. வைரஸோட கத்திரிக்கோல்."

"என்னது?"

"வைரஸ் தனக்கு வேண்டிய புரதத்தையெல்லாம் ஒரே நீளத் துணியா நெய்யும். இந்த நொதிதான் அதைச் சரியான இடத்துல வெட்டிக் குடுக்கும். வெட்டலைன்னா வைரஸ் பெருகவே முடியாது. இதை மழுங்கடிக்கிற மருந்தைத்தான் நாங்க தேடுறோம்."

"அப்ப வைரஸ்கிட்டேருந்து பிடுங்கினதா?"

"ஐயோ, இல்ல. அதோட செய்முறையை மட்டும் ஒரு சாதாரண பாக்டீரியாவுக்குள்ள வச்சாங்க. அது செஞ்சு குடுத்துச்சு."

தையல்காரருக்குப் புல்லரித்தது. அளவு நோட்டை மட்டும் அடுத்த கடைக்காரனிடம் கொடுத்து, தன் கைப்பதத்திலேயே சட்டை வாங்கிவிட்ட மாதிரி அல்லவா இது!

"சூடு பட்டா செத்துடும். அந்த உலர் ஐஸ் காத்தாக் கரைஞ்சு போயிடும். நான் வர்ற வரைக்கும் குளிர்ச்சி போகாம பாத்துக்குங்க" என்றாள் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார். பெட்டியில் ஐஸ் இல்லை. விரல் நகம் அளவு குழாய் மட்டும் கிடந்தது.

வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கப் போனால், கட்டியிருந்த பனி உருகட்டும் என்று காலையில் அவரே அதை அணைத்து வைத்திருந்தார். குழாயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்கு ஓடினார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் உன் ஃப்ரீசர்ல வை. கொரோனாவோட கத்திரிக்கோல்."

கடைக்காரர் இரண்டடி பின்வாங்கினார். தையல்காரர் மூச்சு வாங்க எல்லாவற்றையும் விளக்கினார். கேட்கக் கேட்கக் கடைக்காரரின் முகம் மாறியது. குழாயை இரு கைகளாலும் வாங்கி, வெனிலாவுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் நடுவில் படுக்க வைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் கடைக்காரர் சொன்னார். ஒவ்வொருவருக்கும் மூடியைத் திறந்து காட்டினார்.

"ஒண்ணுமே தெரியலையே!"

"கண்ணுக்குத் தெரியாததுதாங்க உலகத்தையே வீட்டுக்குள்ள உக்கார வச்சுது" என்றார் தையல்காரர்.

கூட்டத்தில் ஒருவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். மூடி திறந்தே கிடந்ததில் வெனிலா இளகத் தொடங்கியது. பெயராவது எல்லாருக்கும் தெரியட்டும் என்று கடைக்காரர் பனி படிந்த குழாயை ஈரத்துணியால் துடைக்க, கையால் எழுதியிருந்த மை முழுவதும் துணியோடு வந்துவிட்டது.

அப்போதுதான் மனைவி தெருமுனையில் வந்து இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்தாள், இளகிய ஐஸ்கிரீமைப் பார்த்தாள், எழுத்தழிந்த குழாயைப் பார்த்தாள். குழாயை எடுத்துக்கொண்டு, அவரையும் ஆய்வகத்துக்கு வரச் சொல்லி நடந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது தையல்காரருக்கு.

ஆய்வகத்தில் அவள் குழாயிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, சோதனைத் தட்டிலிருந்த சின்னக் குழியில் விட்டாள். "இது உயிரோட இருந்தா, குழிக்குள்ள இருக்கிற புரதத் துண்டை வெட்டும். வெட்டினா நீல வெளிச்சம் வரும்."

விளக்கை அணைத்தாள். இருவரும் குனிந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை வெட்டுவதைப் பார்க்கத் தன்னையும் கூப்பிட்டிருக்கிறாளே என்று தையல்காரர் இமைக்காமல் பார்த்தார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஒரே இருட்டு.

"செத்துப்போச்சு" என்றாள் மனைவி மெதுவாக. "மூணு மாசமாக் காத்திருந்தேன்."

"நான்தாம்மா கொன்னுட்டேன். புகையைப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவ்வளவு பெரிய விஷயம் நம்ம வீட்டுக்கு வந்திருக்கேன்னு..." அவர் குரல் உடைந்தது. இருட்டில் அவள் கை அவர் கையைத் தேடிப் பிடித்தது.

கதவு திறந்து விளக்கு எரிந்தது. ஓய்வுபெற ஆறு மாதமே இருந்த மூத்த டெக்னீஷியன் அம்மா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குழாயையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளிச்சம் வரலைன்னு அழறீங்களா, மேடம்? வேலை செய்யற நொதி நேத்தே வந்து உள்ள பத்திரமா இருக்கு. இது ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக, நல்லாக் கொதிக்க வச்சுக் கொன்னுட்டு அனுப்புங்கன்னு நான் கேட்டு வாங்கினது!"