அக்கினி அய்யாவும் சாக்கடை நெருப்பும்

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஊர், இப்போது கைகூப்பிக்கொண்டு ஓடி வந்தது. எங்கே? அதே சாக்கடைக் கால்வாய்க்குத்தான். தோல் தொழிற்சாலைக் கழிவும் ஊரார் வீட்டுக் கழிவும் கலந்து கறுப்புக் கூழாய்க் கிடந்த அந்தக் கால்வாயில், அக்கினி அய்யா தினமும் சாயங்காலம் நெருப்பை வரவழைத்தார். தண்ணீரில் நெருப்பு! பார்க்காமல் இருக்க முடியுமா? பேருந்துகள் நிரம்பி வந்தன. ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தியது. கால்வாய்ச் சேறு குப்பியில் அடைபட்டு மருந்தாக விலைபோனது. நேற்றுவரை அதற்குப் பெயர் சேறு, இன்று 'அக்கினிச் சாந்து'. நாற்றம் மட்டும் இந்தப் பெயர் மாற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

மேடை போட்டுக் கொடுத்தவர் தோல் தொழிற்சாலை முதலாளி. கழிவைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்று அரசாங்கம் நெருக்கியதும் அவருக்குப் பக்தி பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புனிதக் கால்வாயில் யாராவது கைவைக்க முடியுமா?

கால்வாய்த் தெருக் கடைசியில் தையல்கடை வைத்திருந்தவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தன் வீட்டுக்காரர் அதில் போய் விழும்வரை. அவர் லாரி ஓட்டுநர். காலில் ஆணி குத்திப் புண் வைத்திருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையை மூலையில் போட்டுவிட்டு, சாந்தை அப்பிக்கொண்டு அலைந்தார். கால் வீங்கிப் பளபளத்தது.

"என்னங்க இது, செருப்புக்குள்ள கால் நுழையலயே. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"ஆஸ்பத்திரி என்ன பண்ணும்? என் பாவம் கரையணும்."

"அப்படி என்ன பாவம் பண்ணினீங்க?"

 அவள் மெல்ல மெல்லக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. அய்யா அவரை மேடைக்குக் கூப்பிட்டுத் தீவட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார். "பாவம் செய்யாதவன் நீட்டினால் எரியும்!" இவர் நீட்டினார். எரியவில்லை. அய்யா வாங்கி நீட்டினார். நீலமாய் எழுந்தது நெருப்பு! அத்தனை கூட்டமும் "பாவி, பாவி" என்று கத்தியதாம். அதிலிருந்து மனிதர் அய்யாவின் தொண்டர்படையில் முதல் ஆள். பாவத்தைக் கழிக்கவேண்டுமே!

மறுநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கழிவுநீர்த் துறைப் பொறியாளர். சட்டையின் ஒரு கை தோளோடு தொங்கியது.

"அக்கா, இதைத் தைக்க முடியுமா?"

"முடியும்மா. யாரு கிழிச்சா இப்படி?"

"கால்வாய அளக்கப் போனேன். தொண்டர்கள் துரத்தினாங்க. கையப் பிடிச்சு இழுத்தது..." அவள் சுவரில் மாட்டியிருந்த தையல்காரியின் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "இவர்தான்னு நினைக்கிறேன்."

தையல்காரிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஊசியில் நூல் கோத்தாள். பிறகு கேட்டாள்: "சரி, தண்ணியில எப்படிம்மா நெருப்பு வருது?"

"அதுவா? அடிச்சேத்துல கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்குல இருக்கு. கழிவத் தின்னுட்டு வாயு விடும். சேத்தக் கலக்கினா அது குமிழ் குமிழா மேல வரும். அந்த நேரம் தீ காட்டினா எரியும். அய்யா காட்டினாலும் எரியும், என் மாமியார் காட்டினாலும் எரியும். அதையே மூடின தொட்டியில செய்யவிட்டா ஊர்ச் சாக்கடையும் சுத்தமாகும், அந்த வாயுவுல ஆஸ்பத்திரி அடுப்பும் எரியும். தொழிற்சாலை ரசாயனத்த மட்டும் முதலாளி தனியா சுத்தம் பண்ணணும். அதுக்குத்தான் அவருக்கு மனசு வரல."

"கலக்கினாத்தான் வருமா?" தையல்காரியின் ஊசி நின்றது. அய்யா தீவட்டியை நீட்டுமுன் வெள்ளிப்பூண் போட்ட கோலால் கால்வாயைக் குத்தி 'எழுந்திரு, எழுந்திரு' என்பாரே! மற்றவர்கள் நீட்டும்போது அந்தக் கோல் சும்மா சாய்ந்து கிடக்குமே!

அன்று சாயங்காலம் அவள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடை ஏறினாள். பின்னால் பொறியாளர், தீ பரவினால் அணைக்க ஒரு வாளி மணலோடு.

"அய்யா, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேள் மகளே."

"இன்னிக்கு அந்தக் கோல் இல்லாம எரிய வைங்களேன்."

அய்யாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "கோல் அடையாளம் மட்டுமே. சக்தி என்னுள் இருக்கிறது."

"அப்போ அடையாளத்த நான் வச்சிருக்கேன். சக்திய நீங்க வச்சுக்கோங்க." பிடுங்கியே விட்டாள்.

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அய்யா தீவட்டியை நீட்டினார். எரியவில்லை. கண்ணை மூடினார். எரியவில்லை. காலால் கரையை உதைத்தார். வழுக்கியது, அவ்வளவுதான்.

"கூட்டத்தில் பாவிகள் அதிகம்!"

"தினமும் இதே கூட்டந்தானே வருது? ராத்திரியோட ராத்திரியா எல்லாரும் பாவம் பண்ணிட்டாங்களா?"

யாரோ சிரித்தார்கள். முதல் சிரிப்பு வருவதுதான் கஷ்டம். அப்புறம் அடக்க முடியவில்லை.

தையல்காரி கோலைக் கால்வாய்க்குள் விட்டுத் துழாவினாள். மந்திரம் வேண்டுமே! "கை பத்து, கழுத்து பதினாலு, இடுப்பு தளர்வு!" என்று உரக்கச் சொன்னாள். சேறு பொங்கிக் குமிழ்விட்டது. தொண்டர் வரிசையில் நின்ற தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"இங்க வாங்க. தீவட்டிய வாங்கி நீட்டுங்க."

"நானா? நான் பா..."

"நீட்டுங்கன்னா!"

நொண்டிக்கொண்டே வந்தார். தீவட்டியை நீட்டினார். குபுக்கென்று நீல நெருப்பு எழுந்தது. அவர் பயந்துபோய்ப் பின்வாங்கினார். பிறகு நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் ஒழுகியது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எரியுதும்மா" என்றார் குழந்தை மாதிரி.

"எரியாம? நீங்க பாவியுமில்ல, மகானுமில்ல. புண்ணு வச்ச மனுஷன். கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

அதற்குள் மேடையில் அய்யாவைக் காணோம். முதலாளியின் வண்டியையும் காணோம். இருவரும் ஒரே திசையில் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

காலை வெட்டும் நிலைக்குப் போகாமல் ஒரு விரலை மட்டும் இழந்து தப்பித்தார் ஓட்டுநர். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொறியாளரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார். தொட்டி கட்டும் வேலைக்குச் செங்கல் ஏற்றிப்போனதும் அவர் லாரிதான். திரும்பி வந்த முதலாளியும் அரசாங்கம் போட்ட வழக்குக்குப் பயந்து ரசாயனத்தைத் தனியே சுத்தம் செய்ய இயந்திரம் வாங்கினார். மெதுமெதுவாகக் கால்வாயில் தண்ணீரின் நிறம் தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் அதே நீல நெருப்பு கஞ்சி காய்ச்சியது.

எல்லாம் சரியாயிற்றா என்றால், முழுக்க இல்லை. போன வாரம் நாலைந்து பேர் அந்தத் தொட்டிக்கு மாலை போட வந்தார்கள். "உள்ளே ஏதோ சக்தி இருக்குதாமே!"

உள்ளே இருப்பது வெறும் நுண்ணுயிர்! அதற்குக் கண் கிடையாது, காது கிடையாது, மூளையும் கிடையாது. அப்படியிருந்தும் ஊர் அழுக்கைத் தின்று உலை எரிக்கிறது. மூளை இருக்கிற நாம், அதைப் புத்தம் புதிதாகவே வைத்திருந்து யாருக்குக் கொடுக்கப்போகிறோம்?