அகந்தையைப் பற்றி மலைமேல் நான் பேசியது

கணியம்பாடியில் இருக்கும் மாப்பிள்ளை விஜயராஜ் அவர்களுக்கு, ஆலங்காயத்திலிருந்து உங்கள் மைத்துனன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வேடியப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி செல்லியம்மாளும் சுகம். நீங்களும் என் தங்கை கெங்கம்மாளும் கல்யாணப் பெண் சுவேதாவும் சுகமாக இருக்க வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் 'வித்துவான்' என்று போடவில்லை. அதற்காக நான் கோபித்துக்கொண்டதை அகந்தை என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை, அகந்தை என்றால் என்னவென்று முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவன் நான். போன வாரம்கூட ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து இலக்கிய மன்றத்தில் அதைப் பற்றித்தான் பேசினேன். 'பல நாட்டு இலக்கியங்களில் செருக்கால் வீழ்ந்த நாயகர்கள்' என்பது தலைப்பு. இதற்கு என்னை விட்டால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

மலை பஸ்ஸில் கடைசி சீட்டு ஒன்றுதான் காலியாக இருந்தது, கண்டக்டர் "குந்துங்க சார், வளைவு ஜாஸ்தி" என்றார், சிறப்புப் பேச்சாளன் கடைசி சீட்டிலிருந்து எழுந்து வந்து இறங்குவதா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன், ஏழாவது வளைவில் வயிறு புரண்டது, பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார்கள், எனக்கு ஒன்றுமில்லை என்று அதையும் மறுத்துவிட்டேன், பொன்னாடை போர்த்தினார்கள், அதை மட்டும் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு பிரமாதம். குறி சொல்ல வந்தவனைத் துரத்தியடித்த கிரேக்க ராஜா, முகஸ்துதியில் மயங்கி நாட்டை இழந்த ஆங்கில நாடகத்து மன்னன், பெண்டாட்டி காலைப் பிடித்து அழுதும் போர்க்களம் புறப்பட்ட நம் கூத்துமேடை ராஜா, மூன்று பேரையும் நாற்பது நிமிஷத்தில் வீழ்த்திவிட்டேன்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தப்பு. அன்பரசி என்று ஒரு பத்தாம் வகுப்புப் பெண் எழுந்தாள்.

"ஐயா, அந்த ராஜாங்களுக்கு யாரும் புத்தி சொல்லலீங்களா?"

"சொன்னார்கள் அம்மா. ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை."

"கேட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"கேட்டிருந்தால் நாடகமே இல்லை."

"நாடகம் இல்லன்னா போவுதுங்க ஐயா. வூட்ல எல்லாரும் உயிரோட இருந்திருப்பாங்க இல்ல?"

அவளுக்குக் கிடைத்த கைதட்டல் எனக்குக்கூடக் கிடைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். உண்மையில் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. திரும்பும்போதும் நின்றுகொண்டேதான் வந்தேன். பொன்னாடை இப்போது என்னிடம் இல்லை. நாலாவது வளைவில் அது எதற்குப் பயன்பட்டது என்று எழுத விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து செல்லியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு ராஜாவப் பத்தி அவ்ளோ தூரம் போய் பேசிட்டு வந்தீங்களே, நாலாவது ராஜா நம்ம வூட்லயே குந்திக்கினு இருக்காரே" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே என் முடிவில் மாற்றம் இல்லை. மணமக்கள் சண்டை வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துபோகிற மாதிரி வாழ வேண்டும் என்று இங்கிருந்தே மனமார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
வித்துவான் வேடியப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சுவேதா போன் செய்தாள். "மாமா, நெத்தியில பட்டம் தாய்மாமன் நீங்கதான் கட்டணும். வேற யார் கட்டினாலும் நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாள். அப்புறம் "மாமா, லைன்ல கீறீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். புதன்கிழமை காலையிலேயே நாங்கள் இரண்டு பேரும் வந்துவிடுகிறோம். இந்தக் கடிதத்தையும் நானே கொண்டுவந்து தருகிறேன். எப்படி மனசு மாறியது என்று மட்டும் எல்லார் எதிரிலும் கேட்டுவிடாதீர்கள், மாப்பிள்ளை. அழுதுவிடுவேன்.