ஐப்பசி மழையும் என் பீங்கான் நூலும்

பெண் வீட்டாரிடம் வீட்டைக் காட்டலாம், சம்பளத்தைக்கூடச் சொல்லலாம். ஆராய்ச்சியை மட்டும் காட்டவே கூடாது. (நான் காட்டினேன். இன்றும் கல்யாணப் பந்திகளில் தனியாகத்தான் உட்காருகிறேன்.)

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பீங்கான் நூல் நூற்கும் ஆராய்ச்சியில் இருந்தேன். பாலிமரையும் பீங்கானாக மாறும் ரசாயனத்தையும் ஒன்றாகக் கரைத்து, ஊசிக்குழாயில் அடைத்து, உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். ஊசி நுனியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய நூல் பறந்து, எதிரே சுழலும் உருளையில் படியும். அதை உலையில் சுட்டால் பாலிமர் எரிந்து பீங்கான் மட்டும் மிஞ்சும். காற்றில் ஈரம் ஏறினால் போச்சு, கரைசல் ஊசி நுனியிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் கேவலம்.

அம்பாசமுத்திரத்தில் சிவகாமி என்றொரு பெண். ஜாதகம் பொருந்தி, போனில் பேசிப் பேசி, எனக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது. அவள் அப்பா ஓய்வுபெற்ற தாசில்தார். "பையன் அப்படி என்னதான் வேல பாக்கான்னு நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணிக்கிடுதேன்" என்றார்.

அவர் வந்த அன்று அடைமழை. காலையிலிருந்தே ஜன்னலைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சின்ன ஆய்வகத்தைக் காயவைத்திருந்தேன். அவர் மட்டும் வருவார் என்று பார்த்தால் ஒரு வேனே வந்து இறங்கியது. சொட்டச் சொட்டக் குடைகளோடு வாசலில் நின்றார்கள். குடையை வெளியே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா? "வாங்க, குடையோடயே வாங்க" என்றேன்.

போதாக்குறைக்கு, மின்சார அடுப்பும் பாலுமாக என்னோடு வந்திருந்த அம்மா. எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். அவர்கள் தலையாட்டிய உடனே காப்பியைக் கொடுத்துவிட வேண்டுமென்று, ஆய்வக மேசையிலேயே பாலைக் கொதிக்க வைத்தாள்.

"இங்கன வேண்டாம்மா" என்றேன் பைய.

"ஏலே, ஆறிப்போன காப்பியக் குடுத்தா சம்பந்தம் வெளங்குமா?"

சுவிட்சைப் போட்டேன். ஊசி நுனியில் கரைசல் மணியாகத் திரண்டு, அசையாமல் நின்றது. மின்னழுத்தத்தைக் கூட்டினேன். 'சொத்'தென்று ஒரு துளி தெறித்தது. பின்னும் ஒன்று.

"என்ன தம்பி, எச்சி துப்புத மாதிரில்லா இருக்கு? நூல் எங்க?" என்றார் தாசில்தார்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. (அதுவும் ஈரம்தான்.) பயத்தில் மூளை அறிவியலை மட்டும் பிடித்துக்கொண்டது.

"ரூம்ல ஈரம் கூடிட்டு மாமா. மனுச மூச்சுலயும் ஈரம் உண்டு. நீங்க கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருந்தா நூல் வந்துரும்."

பால் பொங்கி வழிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, வாயில் வைத்து உறிஞ்சினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம், "காப்பி இருக்கட்டும்மா" என்றார்.

மறுநாள் சிவகாமி கடைசியாக ஒரு செய்தி அனுப்பினாள். 'அப்பாவுக்கு ஆஸ்துமான்னு உங்ககிட்ட சொல்லியிருக்கேனே.' சொல்லித்தான் இருந்தாள். அன்று பூராவும் காற்றின் ஈரத்தைத் தவிர வேறெதுவும் என் ஞாபகத்தில் இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போதும் எந்த விசேஷத்திலும் என்னைக் கண்டால் அக்கா புருஷன் மூக்கைப் பிடித்துக் கன்னத்தை உப்பவைப்பார். வீடே சிரிக்கும், நானும் சிரிப்பேன். அம்மா மட்டும் அடுக்களைக்குள் போய்விடுவாள்.

போன வாரம் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் தாசில்தாரைப் பார்த்தேன். இடுப்பில் பேத்தி. சிவகாமியின் ஜாடை. தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவர் பஸ் ஏறும்வரை நான் மூச்சு விடவில்லை.