பொற்காசில் ஒரு மூக்கு

எவாரிஸ்டோஸுக்குத் தும்மல் வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. அவன் உளி அப்போது ராஜாவின் மூக்குமேல் இருந்தது.

அச்சில் மெழுகை அழுத்தி எடுத்துப் பார்த்தான். கான்ஸ்டான்டினோபிள் தங்கசாலையில் எத்தனையோ ராஜாக்களுக்குக் காசு அச்சு வெட்டியவன். இவ்வளவு பெரிய மூக்கை யாருக்கும் வைத்ததில்லை.

"என்னண்ணே இது, அத்திப்பழமா?" என்றான் சம்மட்டி அடிக்கும் கொனோன்.

"வாயை மூடுடா. அச்சுல குழி ஆழமானா காசுல மேடு உசரும். தோண்டினதைத் தூர்க்கவா முடியும்?"

"வேற அச்சு வெட்டுங்களேன்."

"சாயங்காலம் காசு அரண்மனைக்குப் போகணும். நாளைக்குப் பட்டாபிஷேகத்துல ஜனங்களுக்கு இறைக்கப் போறாங்க."

"அப்ப மீசையைப் பெருசாக்குங்க. மூக்கு அடங்கித் தெரியும்."

மீசையைத் தோண்டினான், தாடி சோனியாகிவிட்டது. தாடியைத் தோண்டினான், கண் காணாமல் போயிற்று. கண்ணையும் தோண்டினான். ராஜா மிரண்ட ஆட்டுக்கடா மாதிரி முழித்தார். இத்தனைக்குப் பிறகும் முந்திக்கொண்டு நின்றது அந்த மூக்குதான்.

"நிஜ ராஜா எப்படிண்ணே இருப்பாரு?"

"யாரு கண்டா? எதிரிங்ககிட்டேர்ந்து தப்பி வந்த நாள்லேர்ந்து முகத்துல துணியைச் சுத்திக்கிட்டுத்தான் திரியறாரு. பல்வலியாம்."

"ராஜா முகத்தைக் கெடுத்தா மூக்கை அறுத்துடுவாங்களே அண்ணே."

எவாரிஸ்டோஸ் தன் மூக்கைத் தடவிக்கொண்டான். அந்த ஊரில் அது சர்வசாதாரணத் தண்டனை. சிம்மாசனத்துக்குப் போட்டியிடும் பங்காளிகளுக்கும் அதையேதான் செய்வார்கள். மூக்கில்லாதவனை ஜனங்கள் ராஜாவாக ஏற்க மாட்டார்கள்.

சாயங்காலம் அரண்மனைக் காரியக்காரர் வந்தார். முதல் காசை எடுத்துப் பார்த்தார். அதைக் கையோடு கொண்டுபோய்விட்டார். எவாரிஸ்டோஸுக்குக் கொனோன் வாங்கிவைத்த வறுத்த மீன் அப்படியே ஆறிக் கிடந்தது.

"நல்லா மோந்து பார்த்துக்குங்கண்ணே," என்றான் கொனோன். "நாளைக்கு முடியுமோ என்னவோ."

காரியக்காரர் திரும்பி வந்தார். கொனோனை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"ஐயா, தும்மல் வந்துடுச்சு..."

"ராஜா உனக்குப் பட்டுச் சட்டை அனுப்பியிருக்கார். காசைப் பார்த்துக் கண் கலங்கிட்டார்."

எவாரிஸ்டோஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "மூக்கு கொஞ்சம் பெருசாப் போச்சேன்னுதான் ஐயா..."

காரியக்காரர் அவன் காதோரம் குனிந்தார்.

"அதான்யா சங்கதி. எதிரிங்க அறுத்துப் போட்ட மூக்கை வட்டியோட திருப்பிக் குடுத்துட்டியே."